கடலூரில் ஓர் ஊசல்

சென்ற மார்கழியில் ஒரு நாள் காலை, திருப்பாதிரிப்புலியூர் நிலையத்தில் சிதம்பரம் போகும் ரயிலில் ஏறினேன். ஆருத்திரா தரிசனத்துக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. கூட்டம் சேருவதற்கு முன்னால் நடராஜரைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று எண்ணம். துணைக்கு என் தம்பியின் பேத்தி வந்தாள். உண்மையில் அவளுக்கு நான் துணையல்ல. எனக்குத்தான் அவள் துணை. தினமும் அதே வண்டியில் கல்லூரிக்குப் போய் வருகிறவள். பி.எஸ்ஸி. பௌதிகம், இரண்டாம் வருஷம்.

ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்ததும் பையிலிருந்து கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்றை எடுத்து மடியில் விரித்துக்கொண்டாள். பேனாவை எடுத்தாள். கட்டம் போட்ட பக்கத்தில் கிடுகிடுவென்று எண்களை நிரப்ப ஆரம்பித்தாள். வண்டி துறைமுகச் சந்திப்பைத் தாண்டுவதற்குள் பாதிப் பக்கம் நிரம்பிவிட்டது.

"என்னம்மா எழுதறே?" என்று கேட்டேன்.

"ரெக்கார்டு நோட்டு, தாத்தா. ரீடிங் எழுதறேன்."

"என்ன பரிசோதனை?"

"தனி ஊசல்."

"ஊசலா? இந்த ரயில் பெட்டியில் ஊசல் எங்கே இருக்கு?"

அவள் சிரித்துவிட்டாள். உலகம் அறியாத கிழவனிடம் பேசுகிற பரிவோடு, "ஊசலை ஆட்டினா விடை வராது தாத்தா. விடை முன்னாலேயே தெரியும். அங்கேயிருந்து திரும்பி வந்தா ரீடிங் வந்துடும்" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. அறிவுரை சொல்ல நாக்கு எழுந்தது. ஆனால் மனசாட்சி அதைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டது. ஏனென்றால், ஐம்பது வருஷங்களுக்கு முன்னால் அதே ஊசலுக்கு, அதே முறையில், அதே பொய்யை நானும் எழுதியிருக்கிறேன். அவள் ரயிலில் எழுதினாள். நான் விடுதி அறையில் எழுதினேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

பௌதிகம் படிக்காத வாசகர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கையிலிருந்து ஒரு கல்லை நழுவ விட்டால் அது கீழே விழுகிறது. விழ விழ அதன் வேகம் கூடுகிறது. ஒவ்வொரு விநாடியும் எவ்வளவு கூடுகிறது என்பதுதான் கணக்கு. புத்தகத்தில் அதற்கு ஓர் எண் உண்டு: விநாடிக்கு விநாடி 981 சென்டிமீட்டர். சில புத்தகங்களில் 980. இதைக் கல்லை விழவிட்டு அளப்பது கஷ்டம். ஆனால் ஒரு நூலில் குண்டைக் கட்டி ஆடவிட்டு, நூலின் நீளத்தையும் ஆட்டத்தின் நேரத்தையும் அளந்தால் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிடலாம். கல்லூரியில் பௌதிகம் படித்தவர்களில் இந்தக் குண்டை ஆட்டாதவர் யாருமில்லை. ஆட்டியவர்களில் பொய் எழுதாதவர் எத்தனை பேர் என்பது சிதம்பர ரகசியம்.

நான் படித்த கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். என் நண்பன் ஒருவன் எங்கள் மேஜையிலேயே நின்று ஊசலை ஆட்டினான். அவனுக்குப் பொறுமை அதிகம். நாங்கள் இருபது ஆட்டத்தோடு கடிகாரத்தை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனால், அவன் நூறு வரைக்கும் எண்ணிக்கொண்டிருப்பான். அவனுக்கு 978 வந்தது. டெமான்ஸ்டிரேட்டர் சிவப்பு மையால் அதன்மேல் ஒரு கோடு இழுத்து, மறுபடியும் செய் என்று எழுதிக் கொடுத்தார். மறுபடியும் செய்தான். 977 வந்தது. மறுபடியும் சிவப்புக் கோடு.

"ஏண்டா, 981 என்று போட்டுவிட்டுப் போயேன்" என்றேன்.

"வரலையேடா" என்றான்.

வருஷக் கடைசிப் பரீட்சையிலும் சீட்டுக் குலுக்கியதில் அவனுக்கு ஊசல்தான் வந்தது. வந்ததையே எழுதினான். மதிப்பெண் குறைந்தது, முதல் வகுப்பு கை நழுவியது. மேற்படிப்பு இல்லையென்று ஆனது. ஒரு கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதப் போனான். நான் 981 என்று எழுதி நல்ல மதிப்பெண் வாங்கி மேலே படிக்கப் போனேன். பாதியில் அதை விட்டுவிட்டுக் கதை எழுத வந்துவிட்டேன். ஊசலே இல்லாமல் ஊசலின் ஆட்டத்தை எழுதத் தெரிந்தவன் வேறு எங்கே போவான்?

இதில் வேடிக்கை என்னவென்றால், 978 என்பதுதான் சரி.

ஆம். இது எனக்கு மிகவும் பிற்காலத்தில்தான் தெரிந்தது. பூமியின் இழுப்பு எல்லா ஊரிலும் ஒன்றல்ல. துருவங்களை நோக்கிப் போகப் போக அது கூடுகிறது. நிலநடுக்கோட்டை நோக்கி வர வரக் குறைகிறது. லண்டனில் அளந்தால் 981க்குச் சற்று மேலே வரும். கடலூரிலும் சிதம்பரத்திலும் 978க்குச் சற்று மேலே. நம் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக எழுதி வந்தது லண்டன் மாநகரத்தின் இழுப்பை! கடலூரின் இழுப்பை உள்ளபடி எழுதியவனுக்குச் சிவப்பு மை.

வித்தியாசம் வெறும் மூன்றுதானே என்று சிலர் கேட்கலாம். அந்த மூன்று என்ன செய்தது என்று கேளுங்கள். 1672ல் ழான் ரீஷே என்ற பிரெஞ்சு வானியலார், பாரிஸிலிருந்து தென் அமெரிக்காவில் உள்ள கயேன் என்ற ஊருக்கு ஊசல் கடிகாரம் ஒன்றை எடுத்துப் போனார். நம்மைப் போலவே நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து ஊர். பாரிஸில் ஒழுங்காக ஓடிய கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிஷம் பின்தங்கியது. அவர் கடிகாரத்தைப் பொய்யென்று தள்ளவில்லை. பாரிஸ் கணக்கைத் திரும்பி எழுதவும் இல்லை. பின்தங்குகிறது என்று எழுதி வைத்தார். பூமி சரியான உருண்டையல்ல, இடுப்புப் பருத்தது என்று நியூட்டன் 1687ல் தம் நூலில் நிறுவியபோது, அதற்குக் கிடைத்த சாட்சிகளில் ஒன்று அந்தக் கடிகாரம். நம் பக்கத்திலும் இந்த வேலை நடந்திருக்கிறது. சென்னை வானாய்வுக் கூடத்தில் ஜான் கோல்டிங்ஹாம் என்பவர் ஊசலை ஆடவிட்டு அளந்தார். அந்த அளவுகள் 1822ல் லண்டன் ராயல் சொஸைட்டியின் வெளியீட்டில் அச்சாயின. சென்னையின் எண்ணை லண்டன் மரியாதையோடு அச்சிட்டது. நாம்தான் அடித்துவிட்டோம்.

என் நண்பன் கண்டுபிடித்துவிட்டான் என்று சொல்ல வரவில்லை. ஊசலை அகலமாக வீசினால் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நேரம் சற்றுக் கூடும். இருபது டிகிரி வீசினால் நூறு விநாடிக்கு முக்கால் விநாடி கூடிவிடும். அப்போதும் விடை குறைந்துதான் வரும். அவனுடைய 978, ஊரால் வந்ததா, வீச்சால் வந்ததா? தெரியாது. தெரிந்துகொள்ள வழி இருந்தது. வீச்சைக் குறைத்து இன்னொரு முறை ஆட்டிப் பார்த்திருக்கலாம். "எத்தனை டிகிரி ஆட்டினாய், தம்பி?" என்று ஒரே ஒரு கேள்வி போதும். அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. பக்கத்திலேயே நின்ற நானும் கேட்கவில்லை.

சில வருஷங்களுக்கு முன் தேவனாம்பட்டினம் கடற்கரையில் அவனோடு உட்கார்ந்திருந்தபோது இதைச் சொன்னேன். நெடுநேரம் அலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "எனக்குக் கைக்குணம் போதாது என்றே இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றான். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சுண்டல் வாங்கிக் கொடுத்தான்.

இந்தக் குற்றத்தை ஆசிரியர்கள் தலையில் மட்டும் கட்டுவது நியாயமல்ல. நாற்பது பிள்ளைகள், நாலைந்து கடிகாரங்கள், மூன்று மணி நேரம். பத்துப் பன்னிரண்டு பரிசோதனைகளை முடித்து நோட்டில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். வெளியூரிலிருந்து வருகிற பரீட்சகர் புத்தக விடையோடு ஒத்துப் பார்ப்பார். இந்த நிலையில் தவறான விடை என்பது வேலையைக் கெடுக்கிற விருந்தாளி. வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறோம்.

விடை சரியாக இருந்தால் போதும் என்ற இந்தப் பழக்கம் நமக்குப் புதிதுமல்ல. கடலூருக்குப் பக்கத்திலிருக்கிற புதுச்சேரியில், 1825ல், பஞ்சாங்கம் கணிப்பவர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். பார்த்தவர் ஜான் வாரன் என்ற ஐரோப்பியர். தம் நூலில் எழுதி வைத்திருக்கிறார். கிரகணத்தின் தொடக்கத்தில் பிழை நாலே நிமிஷம். என்ன அபாரமான ஞாபகசக்தி! ஆனால் அந்தக் கணக்கு ஏன் பலிக்கிறது என்பது கணித்தவருக்குத் தெரியவில்லை என்றும் வாரன் எழுதியிருக்கிறார். நான் அந்தப் பெரியவரைக் குறைத்துப் பேச மாட்டேன். அவர் சோழியையாவது கையால் நகர்த்தினார். நாம் சோழியையும் நகர்த்தாமல் கிரகணத்தை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

வண்டி பரங்கிப்பேட்டையைத் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தின்மேல் ஏறியது. கீழே ஆறு கடலோடு கலக்கப் போய்க்கொண்டிருந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இந்த ஊரில்தான் இருக்கிறது. ஆர். வி. சேஷய்யா போன்றவர்கள் வளர்த்தது. முகத்துவாரத்துத் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்பது நாளுக்கு நாள் மாறும். வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் வந்தால் குறையும், கோடையில் ஏறும். இன்றைக்கு எவ்வளவு? அதற்கு விடை எந்தப் புத்தகத்திலும் இல்லை. தண்ணீரை மொண்டு பார்த்தாக வேண்டும். விடையிலிருந்து திரும்பி வர அங்கே வழியே கிடையாது. பிள்ளைகளை உண்மை பேச வைப்பதற்கு உபதேசத்தைவிட அந்த ஆறு மேல் என்று எனக்குத் தோன்றியது.

இதே ஊசலைக் கொண்டு வேறு விதமாகவும் கற்பித்திருக்கிறார்கள். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹோம்ஸ், வீமன், பான் என்ற மூவர் செய்ததை 2015ல் எழுதியிருக்கிறார்கள். வீமன் பௌதிகத்துக்கு நோபல் பரிசு பெற்றவர். அவர்கள் முதல் வருஷப் பிள்ளைகளிடம், 981 கொண்டு வா என்று சொல்லவில்லை. பத்து டிகிரி வீசி நேரத்தை அள, இருபது டிகிரி வீசி அள, இரண்டையும் ஒப்பிட்டுப் பார், பிறகு அளவை இன்னும் நுட்பமாக்கிக்கொண்டு மறுபடியும் ஒப்பிடு என்றார்கள். இரண்டும் ஒன்று என்றுதான் பாடப் புத்தகத்தின் எளிய சூத்திரம் சொல்கிறது. நுட்பமாக அளக்க அளக்க, ஒன்றல்ல என்று பிள்ளைகளே கண்டார்கள். இப்படிப் பழகியவர்கள், பழைய முறையில் படித்தவர்களைவிட, யாரும் சொல்லாமலே தங்கள் பரிசோதனையைத் திருத்த முன்வந்தது 12 மடங்கு அதிகம். சூத்திரம் எந்த இடத்தில் பொருந்தவில்லை என்று கண்டு விளக்கியது 4 மடங்கு அதிகம். இதற்குப் புதிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. கேள்வி மாறியது, இன்னொரு முறை செய்து பார்க்க நேரம் கொடுக்கப்பட்டது.

நம்மவர்களுக்கும் இது தெரியாததல்ல. ராமனோடு உழைத்த கே. எஸ். கிருஷ்ணன், வத்திராயிருப்புக்காரர், இளம் வயதில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் டெமான்ஸ்டிரேட்டராக இருந்தார். மதியச் சாப்பாட்டு வேளையில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, பௌதிகம், ரசாயனம், கணிதம் எதில் வேண்டுமானாலும் கேளுங்கள் என்பாராம். மற்றக் கல்லூரிப் பிள்ளைகள்கூட வந்து கலந்துகொள்வார்களாம். அதற்கு மதிப்பெண் கிடையாது, கையெழுத்தும் கிடையாது.

இவ்வளவும் எண்ணிக்கொண்டு நடராஜரின் முன் நின்றேன். தூக்கிய திருவடியைப் பார்த்தபோது, மன்னிக்க வேண்டும், ஊசல் ஞாபகம்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, மஞ்சக்குப்பத்தில் தம்பி வீட்டுக் கூடத்தில் பேத்தியைக் கூப்பிட்டேன். ஊஞ்சல் பலகையைக் கழற்றிவிட்டு, ஒரு கொக்கியில் கெட்டி நூலைக் கட்டி, அதன் நுனியில் பழைய திண்டுக்கல் பூட்டு ஒன்றைத் தொங்க விட்டோம். தையல் டேப்பால் கொக்கியிலிருந்து முடிச்சு வரை அளந்தாள்: 221 சென்டிமீட்டர். செல்போனில் நேரம் பார்த்தாள். பூட்டை இழுத்து விட்டு, "ஒன்று" என்று எண்ண ஆரம்பித்து நூறில் நிறுத்தினாள். ஐந்து நிமிஷத்துக்கு ஓரிரு விநாடி குறைவு. கணக்குப் போட்டாள்.

"தாத்தா, 980!" என்று துள்ளினாள். "புத்தகத்திலே இருக்கிறதே வந்துடுச்சு!"

நானும் துள்ளத்தான் பார்த்தேன். ஆனால் கடலூரில் 980 எப்படி வரும்? "இன்னொரு தடவை எண்ணு" என்றேன். பூட்டை விட்டதும் மறுபடியும் "ஒன்று" என்றாள். அங்கேயே நின்றுவிட்டாள்.

"தாத்தா, இது ஒன்றா? இன்னும் ஓர் ஆட்டமும் முடியலையே. பூஜ்யம்னு இல்லே எண்ணணும்?"

நூறு என்று நாங்கள் எண்ணியது தொண்ணூற்றொன்பது. பூஜ்யத்திலிருந்து எண்ணிக் கணக்கிட்டபோது 961க்கு இறங்கிவிட்டது. அவள் முகமும் இறங்கிவிட்டது. சமையலறையிலிருந்து என் தம்பி மனைவி, "ஊஞ்சலை எப்போ மாட்டுவீங்க?" என்று குரல் கொடுத்தாள். அரை மணி நேரம் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு பேத்திதான் சொன்னாள்: "முடிச்சு வரைக்கும் அளந்தோம். கனமெல்லாம் பூட்டோட வயித்திலே இருக்கே!" முடிச்சிலிருந்து பூட்டின் நடுவயிறு நாலு சென்டிமீட்டர் கீழே இருந்தது. அதையும் சேர்த்து, வீச்சைக் குறைத்து, மூன்று முறை ஆட்டினோம். 979, 977, 979.

முதலில் வந்த 980, இரண்டு தவறுகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டதால் வந்த விடை! கல்லூரியில் அதற்கு முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். ஒரு தவறைத் திருத்தியபின் வந்த 961க்குச் சிவப்பு மை கிடைத்திருக்கும். இரண்டையும் திருத்தியபின் வந்த 979க்கும் சந்தேகப் பார்வைதான் கிடைத்திருக்கும். இந்த ஒரு காலை வேளையில் அந்தப் பெண் கற்றதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? நோட்டில் நோக்கம், கருவிகள், செய்முறை என்று அச்சடித்தாற்போல் இங்கிலீஷ் வாக்கியங்களுக்கு இடம் இருக்கிறது. "எங்கே தவறினேன், எப்படிக் கண்டுபிடித்தேன்" என்பதற்கு இடம் இல்லை.

கல்லூரி நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரே விண்ணப்பம்தான். பன்னிரண்டு பரிசோதனைகள் வேண்டாம், ஆறு போதும். அந்த ஆறில் ஒன்றாவது புத்தகத்தில் விடை இல்லாததாக இருக்கட்டும்: வெள்ளாற்றின் உப்பு, கல்லூரிக் கிணற்று நீர், அந்தந்த ஊரின் இழுப்பு, எதுவானாலும் சரி. நோட்டில் ஒரு பக்கத்தைத் தவறுகளுக்கென்று ஒதுக்கி, அதற்கும் மதிப்பெண் கொடுங்கள். விடை தவறினால் பிள்ளைகளுக்கு இன்னொரு மணி நேரம் கொடுங்கள். செலவு அதிகமில்லை. ஒரு பூட்டும் கொஞ்சம் நூலும் போதும்.

அன்று மாலை பேத்தி, ரயிலில் எழுதிய பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இதை அடிச்சுட்டு 978ன்னு எழுதினா மார்க் போகுமே, தாத்தா?" என்றாள்.

என்ன சொல்வது? போகாது என்று சொன்னால் பொய். போனால் போகட்டும் என்று சொல்ல, 981 எழுதி மதிப்பெண் வாங்கிய எனக்கு யோக்கியதை இல்லை. அதனால் என் நண்பனின் கதையை மட்டும் சொன்னேன், அவன் சுண்டல் வாங்கிக் கொடுத்தது வரைக்கும். அவள் ஒன்றும் பேசாமல் கேட்டுவிட்டு, அடிமட்டத்தை வைத்து அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். நீல மைக் கோடு.

நான் சென்னைக்குத் திரும்பிவிட்டேன். பத்து நாள் கழித்து அவளிடமிருந்து டெலிபோன் வந்தது.

"நோட்டைக் காட்டினேன், தாத்தா."

"ஆசிரியர் என்ன சொன்னார்?"

"ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தார். மார்க் இன்னும் போடலை."

"வேறொன்றும் சொல்லவில்லையா?"

"சொல்லலை. ஒண்ணு மட்டும் கேட்டார்: 'எத்தனை டிகிரி ஆட்டினே?'"